தட்டான்கள் வளையமாகக் கோத்திருந்தால் எது ஆண், எது பெண்? செத்த தட்டானைக் கறுக்காமல் வைப்பது எப்படி?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். கிணற்று மேட்டுப் புல்லில் ஒரு சிவப்புத் தட்டானும் ஒரு மஞ்சள் தட்டானும் வளையமாகக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சிவப்பின் வால் நுனி மஞ்சளின் தலைக்குப் பின்னால் இருந்தது. மஞ்சளின் வால் நுனி சிவப்பின் இடுப்புக்கு அடியில். வாலை வளைத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மஞ்சள்தான், அப்படியானால் அதுதானே ஆண், இரண்டும் ஒரே இனமா, அல்லது ஒன்றை ஒன்று தின்கிறதா என்பது ஒரு கேள்வி. மறுநாள் செத்துக் கிடந்த சிவப்பு ஒன்றை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடியதும் நான்கு நாளில் கறுத்து நாறிவிட்டது, நிறம் போகாமல் வைக்க வழி உண்டா என்பது இன்னொன்று. இவை தனித்தனிக் கேள்விகள் போலத் தோன்றினாலும் தட்டானின் உடலில் இரண்டே இடங்களைச் சுற்றி வருகின்றன: இடுப்பின் அடிப்பக்கம், வால் நுனி. அவை இணைவது அங்கேதான். நாம் இனம் பிரித்துச் சொல்வதும் பெரும்பாலும் அங்கேதான். பதப்படுத்தும்போது முதலில் காப்பாற்ற வேண்டியதும் அந்த இரண்டு இடங்களைத்தான். நிறம் அதற்கு அடுத்தது.

நீங்கள் பார்த்தது இணைசேர்க்கை, சண்டை அல்ல. சிவப்புதான் ஆண். உங்கள் ஊகம் தலைகீழாகப் போனதற்குக் காரணம், மற்ற பூச்சிகளில் இல்லாத ஓர் அமைப்பு ஆண் தட்டானிடம் இருப்பது. நாம் வால் என்று சொல்வது உண்மையில் வயிறு. அது பத்துக் கண்டங்களால், அதாவது அடுத்தடுத்துக் கோத்த துண்டுகளால், ஆனது. ஆணின் விந்து வெளிவரும் துளை ஒன்பதாம் கண்டத்தின் அடியில், கிட்டத்தட்ட நுனியில் இருக்கிறது. பெண்ணுக்குள் விந்தைச் செலுத்தும் உறுப்போ இரண்டாம் கண்டத்தின் அடியில், மார்பை ஒட்டி இருக்கிறது. உண்டாகும் இடம் ஒன்று, செலுத்தும் இடம் வேறு. ஆகவே ஆண் முதலில் தன் வாலைத் தானே கீழாக வளைத்து, ஒன்பதாம் கண்டத்திலிருந்து இடுப்படியில் உள்ள பைக்கு விந்தை மாற்றிக்கொள்கிறது. வால் நுனியில் உள்ள பற்றுறுப்புகளால் பெண்ணைப் பிடித்துக்கொள்கிறது. பிடிபட்ட பெண் இசைந்தால் தன் வாலை முன்னோக்கி வளைத்து ஆணின் இடுப்படியில் சேர்க்கிறது. அப்போதுதான் அந்த வளையம், உடல் ஊசிபோல் மெலிந்த ஊசித்தட்டான்களில் இதய வடிவம், உண்டாகிறது. பெண் வளையாவிட்டால் வளையமும் இல்லை. ஆணால் பிடிக்க முடியும், வளைக்க முடியாது. எனவே வளையத்தைப் பார்த்தால் விதி எளிது: பிடித்துக்கொண்டு முன்னால் இருப்பது ஆண், வாலை வளைத்துக் கொடுப்பது பெண்.

எங்கே பிடிக்கிறது என்பதையும் கவனியுங்கள். தட்டான்களில் ஆண் பெண்ணின் தலையைப் பிடிக்கும். ஊசித்தட்டான்களில் தலைக்கு அடுத்த முன்மார்பைப் பிடிக்கும். ஆணின் பற்றுறுப்பும் பெண்ணின் பிடிபடும் இடமும் ஓரளவு பூட்டும் சாவியும் போலப் பொருந்துகின்றன. பொருந்தாவிட்டால் பெரும்பாலும் பெண் ஒத்துழைப்பதில்லை. 'பெரும்பாலும்' என்று நிறுத்திச் சொல்கிறேன். வேற்றினப் பெண்ணை ஆண் பிடித்துக்கொண்டு பறப்பதும், ஓர் ஆண் இன்னோர் ஆணைப் பிடிப்பதும், மூன்று பூச்சிகள் வரிசையாகக் கோத்துக்கொள்வதும் நடக்கின்றன. ஆகவே ஒன்றை ஒன்று பிடித்தபடி நேர்வரிசையில் பறப்பதை மட்டும் வைத்து இரண்டும் ஒரே இனம் என்று எழுதிவிடாதீர்கள். முழு வளையம் அதைவிட வலுவான சான்று. அதுவும் நூற்றுக்கு நூறு அல்ல.

வளையம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது இனத்துக்கு இனம் மாறும். சில தட்டான்களில் பறந்தபடியே சில நொடிகளில் முடிந்துவிடும். நம் குளக்கரைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் இஸ்க்னூரா என்ற சிற்றூசித்தட்டான்களில் மணிக்கணக்கில் நீளும். இவ்வளவு நேரம் எதற்கு? 1979இல் ஜோனத்தன் வாகே என்ற அமெரிக்க ஆய்வாளர் காலோப்டெரிக்ஸ் மாகுலாட்டா என்ற வட அமெரிக்க ஊசித்தட்டானில் இதற்கு ஒரு விடை காட்டினார். ஆணின் உறுப்பில் உள்ள பின்னோக்கிய முட்கள், அந்தப் பெண்ணுக்குள் முந்தைய ஆண் விட்டுப்போன விந்தை முதலில் வழித்து வெளியே எடுக்கின்றன. அதன் பிறகுதான் தன்னுடையதைச் செலுத்துகிறது. விலங்கு நடத்தை ஆய்வில் இது பெரிய திருப்பம். இதை எல்லாத் தட்டான்களுக்கும் அப்படியே நீட்டிச் சொல்வதில்தான் கவனம் வேண்டும். சில இனங்களில் வழித்தெடுப்பதற்குப் பதிலாக, பழைய விந்தை உள்ளே ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தன்னுடையதை வாசலருகே வைப்பதாகத் தெரிகிறது. வழித்தெடுத்தல் நேரடியாகக் காட்டப்பட்டது. ஒதுக்கித்தள்ளுதல் பல இனங்களில் உறுப்பின் வடிவத்தைப் பார்த்துச் செய்யப்பட்ட ஊகம்.

கடைசியாக இணைந்த ஆணுக்கே அனுகூலம் என்பதால், முட்டையிட்டு முடியும்வரை பெண்ணை இன்னொருவன் பிடிக்காமல் காப்பதும் ஆணின் வேலையாகிறது. வளையம் அவிழ்ந்த பிறகும் தலையைப் பிடித்தபடியே இரண்டும் நீர்மேல் பறப்பது இதற்குத்தான். சோழமண்டலக் கரையின் பெயரையே சுமந்திருக்கும் செரியாக்ரியன் கோரமண்டலியானம் என்ற மஞ்சள் ஊசித்தட்டானில், பெண் தண்ணீர்ச் செடியில் முட்டையிடும்போது ஆண் அதன் முன்மார்பைப் பிடித்துக்கொண்டு கம்பம்போல் செங்குத்தாக நிற்கும். பச்சையும் கறுப்புமான ஆர்தெட்ரம் சபினா போன்றவற்றில் ஆண் பிடியை விட்டுவிட்டு மேலே வட்டமிட்டுக் காவல் காக்கும். முட்டையிடும் முறையும் இரண்டு வகை. ஊசித்தட்டான்களும் பெரிய ஏஷ்னா குடும்பத் தட்டான்களும் கத்தி போன்ற உறுப்பால் தண்டைக் கீறி உள்ளே வைக்கும். நீங்கள் பார்த்த சிவப்புத் தட்டானின் குடும்பத்தில் அந்தக் கத்தி கிடையாது. வால் நுனியால் தண்ணீரைத் தட்டித் தட்டி உதிர்க்கும். நின்றிருக்கும் கார் மேலும் பளபளக்கும் கறுப்புக் கிரானைட் மேலும் வாலால் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நீர்ப்பரப்பிலிருந்து தெறிக்கும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வதை வைத்தே அவை தண்ணீரை அடையாளம் காண்கின்றன. பளபளப்பான பரப்பும் அதே ஒளியைத் திருப்பி அனுப்புவதால் ஏமாறுகின்றன. அங்கே இட்ட முட்டைகள் காய்ந்து அழிந்துபோகும்.

இனி இனம். படம் இல்லாமல் உங்கள் சிவப்புத் தட்டான் இன்னதுதான் என்று நான் சொன்னால் அது பொய். தமிழ்நாட்டுச் சமவெளியில் சிவப்பாகத் தெரியும் ஆண் தட்டான்கள் பல. வயிற்றின் முதுகுப் பக்கம் மெல்லிய கறுப்புக் கோடு நீளவாக்கில் ஓடி, இறக்கையின் அடியில் தேன்நிறத் திட்டு இருந்தால் குரோகோதெமிஸ் செர்விலியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். உடல் ஊதா கலந்த சிவப்பாகவும் கால்கள் கறுப்பாகவும் இறக்கை நரம்புகளே சிவப்பாகவும் இருந்தால் டிரைதெமிஸ் ஆரோரா. வால் நுனிக்கு முந்தைய எட்டு, ஒன்பதாம் கண்டங்களின் மேல் கறுப்புப் பொட்டுகளும், பின்னிறக்கை அடியில் கரும்பழுப்புத் திட்டும் இருந்தால் யூரோதெமிஸ் சிக்னாட்டா. இறக்கையே ஆரஞ்சாக இருந்தால் சாக்கடை ஓரங்களில்கூடக் கூட்டமாகத் திரியும் பிராக்கிதெமிஸ் கன்டாமினாட்டா. இந்த இனங்களில் பெண்கள் மஞ்சள் அல்லது பழுப்புதான். ஆகவே சிவப்பும் மஞ்சளும் ஓரினமாக இருப்பதில் வியப்பில்லை.

நிறத்தை மட்டும் நம்பினால் எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லவேண்டும். இளம் ஆணும் மஞ்சள்தான். முதிர்ந்த பிறகே சிவக்கும். 2012இல் ரியோ ஃபுதஹாஷி என்ற ஜப்பானிய ஆய்வாளரின் குழு, குரோகோதெமிஸ் செர்விலியா உள்ளிட்ட தட்டான்களில் இந்த மாற்றம் புது நிறமி வருவதால் அல்ல, இருக்கும் நிறமியே ஒடுக்கமடைந்த (ஆக்சிஜனேற்றத்துக்கு நேர்மாறான) நிலைக்கு மாறுவதால் என்று காட்டியது. மஞ்சள் தட்டானுக்குள் வைட்டமின் சி செலுத்தினால் அது சிவந்தது. செத்த பிறகு சிவப்பு மங்கிப் பழுப்பாவதில் அதே நிறமி மீண்டும் ஆக்சிஜனேற்றம் அடைவதற்குப் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம். இதற்கு நேர்மாறான சிக்கல் இஸ்க்னூரா செனகலென்சிஸ் என்ற ஊசித்தட்டானில் உண்டு. அதன் பெண்களில் ஒரு வகை அப்படியே ஆணின் நிறத்தில் இருக்கும். ஆர்தெட்ரம் சபினாவிலோ ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும்.

அதனால் பக்கவாட்டில் பிடித்து இடுப்படியைப் பாருங்கள். இரண்டாம் கண்டத்தின் அடியில் ஒரு புடைப்பும் கொக்கிகளும் துருத்தித் தெரிந்தால் ஆண். அங்கே தட்டையாக இருந்து, எட்டு, ஒன்பதாம் கண்டங்களின் அடியில் தட்டு அல்லது கத்தி போன்ற உறுப்பு தெரிந்தால் பெண். கண்டங்களை எண்ணும்போது வால் நுனியிலிருந்து முன்னோக்கி எண்ணுங்கள். முதல் கண்டம் குட்டையாக மார்போடு ஒட்டிக்கொண்டிருப்பதால் முன்னாலிருந்து எண்ணுகிறவர்கள் ஒன்றைத் தவறவிடுவார்கள். ஆண் தட்டானின் வால் நுனியில் மேலே இரண்டு, கீழே ஒன்று என்று மூன்று பற்றுறுப்புகள். ஆண் ஊசித்தட்டானுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு. அவற்றின் வளைவும் பற்களும் நீளமும்தான் நெருங்கிய இனங்களைப் பிரிக்கும். அதற்கு 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். அடுத்து இறக்கை: முன் விளிம்பின் நடுவே உள்ள கணுவுக்கு முன்னால் எத்தனை குறுக்கு நரம்புகள், நுனியருகே உள்ள நிறப்பொட்டு எவ்வளவு நீளம் என்று பார்க்கவேண்டும். எஃப். சி. ஃப்ரேசர் 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளாக எழுதிய இந்தியத் தட்டான்களின் விளக்கம் இன்றும் இந்த உறுப்புகளை வைத்தே பிரித்துக்கொண்டு போகிறது. ஒரு சிறு எச்சரிக்கை: இரவில் டியூப்லைட்டுக்கு வரும், நுனி தடித்த நீண்ட உணர்கொம்புள்ள பூச்சி தட்டான் அல்ல, மணலில் கூம்புக் குழி தோண்டி எறும்பு பிடிக்கும் புழுவின் வளர்ந்த பருவம். தட்டானின் உணர்கொம்பு மயிர்போலக் குட்டையானது.

இப்போது டப்பாவுக்கு வருவோம். உங்கள் தட்டான் கறுத்ததற்குக் காரணம் ஈரம். தட்டான் பிற பூச்சிகளைத் தின்று வாழ்வது. செத்ததும் குடலில் மிச்சமிருக்கும் உணவும் உடல் திசுவும் அழுகத் தொடங்கும். காற்றுப் புகாத டப்பா அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்து அழுகலை வேகப்படுத்தியது. வெயிலில் காயவைத்தாலும் நம் ஊர்த் தட்டான் உள்ளே உலருமுன் கறுத்துவிடும். சாராயத்தில் போட்டால் அழுகாது, ஆனால் நிறம் கரைந்து உடல் தொளதொளக்கும். அது தண்ணீரில் வாழும் இளம்பருவத்துக்கே பொருத்தம், அதற்கு 70 முதல் 80 சதவீத எத்தனால். இறக்கையுள்ள தட்டானுக்கு உலகெங்கும் பழக்கத்தில் இருப்பது அசிட்டோன் முறை. அசிட்டோன் உடலின் நீரையும் கொழுப்பையும் இழுத்துக்கொள்ளும். அழுக நேரம் கொடுக்காமல் உலர்த்திவிடும்.

உயிரோடு பிடித்ததாக இருந்தால், இறக்கைகள் நான்கையும் முதுகின்மேல் சேர்த்து முக்கோணமாக மடித்த காகித உறையில் வைத்து, நிழலில் சில மணி நேரம் விடுங்கள், குடல் காலியாகும். இந்தப் படியைத் தவிர்த்தவர்களுக்குத்தான் வயிறு மட்டும் கறுத்துப்போகும். பிறகு ஃபிரீசரில் வைத்துக் கொல்லலாம், அல்லது நேராக அசிட்டோனில் அமிழ்த்தலாம். இறந்ததும், விறைப்பதற்குள், வாலை நேராக்குங்கள்; கால்களை இடுப்படியிலிருந்து விலக்கிக் கீழாக இழுத்துவிடுங்கள். கால்கள் இரண்டாம் கண்டத்தை மறைத்தபடி விறைத்துவிட்டால், மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும் பார்க்கவேண்டிய இடம் தெரியாது. பெரிய தட்டானுக்கும் மெல்லிய ஊசித்தட்டானுக்கும் மார்பின் அடியிலிருந்து வால் வரை நைலான் தூரிகையின் ஒற்றை இழையைச் செலுத்திவைப்பவர்கள் உண்டு. பிறகு வால் ஒடிந்தாலும் துண்டு தொலையாது. ஆனால் இழை நுனி வழியாக வெளியே வந்து பற்றுறுப்பைக் கெடுக்காமல் எட்டாம் கண்டத்துக்கு முன்பே நிறுத்தவேண்டும்.

உறையோடு சேர்த்து அசிட்டோனில் அமிழ்த்துங்கள். தட்டானுக்கு 16 முதல் 24 மணி நேரம், ஊசித்தட்டானுக்கு 8 முதல் 16 மணி நேரம். பெரிய தட்டான் ஒன்றுக்கு 100 மில்லியாவது இருக்கட்டும். திரவம் மஞ்சளாகிவிட்டால் கொழுப்பும் நீரும் சேர்ந்துவிட்டது என்று பொருள், மாற்றுங்கள். நேரம் மிஞ்சினால் நொறுங்கும் தன்மை கூடும், குறைந்தால் கொழுப்பு கசிந்து பிசுபிசுக்கும். இரசாயனக் கடையில் கிடைக்கும் சுத்த அசிட்டோன்தான் வேண்டும். நகப்பூச்சு நீக்கியில் தண்ணீரும் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். கண்ணாடிக் குடுவை, உலோக மூடி. பாலிஸ்டைரீன் டப்பா கரைந்து பசையாகும். உறைமேல் பென்சிலால் மட்டும் எழுதுங்கள். பால்பாயின்ட் மையும் லேசர் பிரின்ட்டும் அசிட்டோனில் அழிந்துபோகும். ஆவி சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் கூடாது. சன்னல் திறந்த அறையில் செய்யுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. எடுத்தபின் காற்றோட்டத்தில் ஒன்றிரண்டு நாள் உலர்த்தி, வாசனை முற்றிலும் போனதும் மாதிரி தயார்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. கண்ணின் நிறம் எதைச் செய்தாலும் போய்விடும். அதற்கு உயிருள்ளபோது எடுத்த படம்தான் கதி. அப்போதுதான் இளம்பருவத் தோலைக் கழற்றிவிட்டு வந்த, இறக்கை கண்ணாடிபோல மினுங்கும் இளசை அசிட்டோனில் போட்டால் சுருங்கி உருக்குலையும்; அதைப் பிடிக்காமல் விடுவதே நல்லது. முதிர்ந்த ஆண்களின் உடலில் வெளிர்நீலப் பொடிபோல் படிந்திருப்பது மெழுகு. அசிட்டோன் அதைக் கரைத்துவிடும். அப்படிப்பட்டதை அசிட்டோன் இல்லாமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு உலர்த்துங்கள். அந்தப் பொடியில் ஒரு தகவலும் இருக்கிறது. வளையத்தில் பெண் தன் கால்களால் ஆணின் வயிற்றைப் பற்றிக்கொள்ளும். அந்த இடத்தில் பொடி உரிந்து கருந்தழும்பாகத் தெரியும். தழும்பு இருக்கும் ஆண் இணைசேர்ந்த ஆண். அந்தத் தடயம் அசிட்டோனில் ஒரே இரவில் காணாமல் போகும்.

உலர்ந்ததை ஊசியில் குத்தி இறக்கையை விரித்து வைக்க ஆசை வரும். தட்டானுக்கு அது ஒத்துவராது: இடம் அடைக்கும், வால் ஒடியும். இறக்கைகளை மேலே மடித்துப் பக்கவாட்டில் கிடத்தி, சுமார் 12.5 சென்டிமீட்டர் நீளமும் 7.5 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தெளிந்த உறையில் கெட்டி அட்டையோடு வையுங்கள். அட்டையில் ஊர், மாவட்டம், அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, நேரம், எந்த நீர்நிலை, பிடித்தவர் பெயர், உயிரோடு இருந்தபோதைய கண் நிறம். மாதத்தை எண்ணால் அல்ல, எழுத்தால் எழுதுங்கள். 4-5 என்பது மே நான்கா ஏப்ரல் ஐந்தா என்று பிறகு யாராலும் சொல்லமுடியாது. இணையாகக் கிடைத்திருந்தால் இரண்டையும் ஒரே உறையில் வைத்து 'வளையத்தில் பிடித்தது' என்றோ 'கோத்துப் பறந்தபோது பிடித்தது' என்றோ வேறுபடுத்தி எழுதுங்கள். தேதியும் இடமும் இல்லாத மாதிரியை எந்த அருங்காட்சியகமும் மதிக்காது. உறைகளை இறுகிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, நீல மணிகள் இளஞ்சிவப்பானதும் மாற்றுங்கள். கடலோர ஊர்களில் இது கட்டாயம், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். நாஃப்தலீன் உருண்டை வண்டுகளை விரட்டுமே தவிர உள்ளே புகுந்துவிட்டதைக் கொல்லாது. வண்டு அரித்து உறைக்குள் பழுப்புத் தூள் கொட்டிக் கிடந்தால், பெட்டியை பிளாஸ்டிக் பையில் கட்டி -18 டிகிரி ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள்.

இதற்காகப் பூச்சியைக் கொல்லவேண்டிய தேவை உங்களுக்கு இல்லை என்றே நினைக்கிறேன். சிலந்தி வலையிலும் சாலையோரத்திலும் விளக்கடியிலும் செத்தவை போதிய அளவு கிடைக்கும்; இறந்து சில மணி நேரத்துக்குள் எடுத்தால் இதே அசிட்டோன் முறை பலன் தரும். உயிருள்ளதை இறக்கையடியில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மென்மையாகப் பிடித்து, பக்கம், மேல், இடுப்படி, வால் நுனி என நான்கு படம் எடுத்து விட்டுவிடலாம். சரணாலயம், தேசியப் பூங்கா எல்லைக்குள் வனத்துறை அனுமதியின்றிப் பிடிக்கவே கூடாது.

கறுத்துப்போன உங்கள் தட்டானின் நிறம் திரும்பாது, அதை அசிட்டோனில் போடுவதிலும் இனிப் பயனில்லை. ஆனால் தூக்கி எறியாதீர்கள். மூடியுள்ள பாத்திரத்தில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் சிறு தட்டு வைத்து, தட்டில் தட்டானைக் கிடத்தி ஒரு நாள் மூடிவையுங்கள். பூஞ்சை வராமல் துணியில் இரண்டு சொட்டு டெட்டால் விடுங்கள். மூட்டுகள் இளகியதும் கால்களை ஒதுக்கி, வாலை நேராக்கி, மின்விசிறிக் காற்றில் நன்றாக உலரவிடுங்கள். நிறம் போனாலும் இரண்டாம் கண்டத்துக் கொக்கிகளும், மூன்று பற்றுறுப்புகளும், இறக்கை நரம்புகளும் அப்படியே இருக்கும். அவற்றைத் தெளிவாகப் படமெடுத்து, எந்த ஊர், எந்தத் தேதி என்பதோடு போடுங்கள். அது எந்தச் சிவப்புத் தட்டான் என்று பார்த்துச் சொல்கிறேன்.